கேட்டைக் கழற்றிய மாஸ்ஃபெட்

கோவிட் சமயத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்த சாம்பிள் ஜிப்மர் மாதிரி பெரிய லேபுக்குப் போய், ரிசல்ட் வரும்வரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கா? அங்கே பிசிஆர் மெஷின் டிஎன்ஏவை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். ஒரே ஒரு பிரதி 30 சுற்றில், கணக்குப்படி, 107 கோடி ஆகிடும். பெருகுதா இல்லையான்னு பார்க்க ஒளிரும் சாயம், லைட், ஃபில்டர், டிடெக்டர் எல்லாம் வேணும். கோவாவின் மோல்பயோ நிறுவனம் இதையே பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவியாகச் சுருக்கியது. ஆனா அதுவும் ஒளியைத்தான் நம்புது.

லைட்டே இல்லாம, நேரா வோல்டேஜாகவே பார்த்தா என்ன?

டிஎன்ஏ இழையில் ஒவ்வொரு எழுத்து சேரும்போதும் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியே வரும். கோடிக்கணக்கில் சேரும்போது கரைசலின் பிஎச் இறங்கும். அதை அளக்கத்தான் இஸ்ஃபெட். 1970ல் நெதர்லாந்தின் பியட் பெர்க்வெல்ட் அறிமுகப்படுத்தியது. வேற ஒண்ணுமில்ல, நாம படிச்ச அதே மாஸ்ஃபெட்தான். உலோக கேட்டை எடுத்துட்டு, அந்த இடத்துல கரைசலும் ஒரு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடும். பிஎச் மாறினா த்ரெஷோல்ட் வோல்டேஜ் நகரும். அறை வெப்பநிலையில் ஒரு பிஎச்சுக்கு அதிகபட்சம் சுமார் 59 மில்லிவோல்ட்.

இவ்வளவு ஈஸியான்னு நானும் நினைச்சேன். சிக்கல் பஃபர்ல இருக்கு. வழக்கமான பிசிஆர் கலவையில் டிரிஸ் பஃபர் இருக்கும். பிஎச்சை மாறாம பார்த்துக்கறதே அதோட வேலை. அதாவது, நாம தேடுற சிக்னலையே அது விழுங்கிடும். பஃபரைக் குறைச்சா சிக்னல் தெரியும். ரொம்பக் குறைச்சா, பிஎச் இறங்க இறங்க என்சைமே படுத்துடும்.

அடுத்த தலைவலி ட்ரிஃப்ட். டிஎன்ஏ பெருகாத கரைசலில்கூட அவுட்புட் மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதைப் பெருக்கம்னு எடுத்துக்கிட்டா, நோயே இல்லாதவருக்கு பாசிட்டிவ்! அதனால பக்கத்துலயே இன்னொரு சென்சார், பெருக்கம் நடக்காத கலவையோட. ரெண்டையும் கழிச்சா பொதுவான ட்ரிஃப்ட் பெருமளவு போயிடும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையரை பரீட்சைக்கு மட்டும் படிச்சவங்க கவனிங்க.

வெப்பம் ஏறி இறங்கினாலும் இஸ்ஃபெட் தடுமாறும். அதனால ஒரே சூட்டில், சுமார் 65 டிகிரியில், நடக்கும் லாம்ப் முறைதான் இதுக்குத் தோது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரங்க லேஸ்விங் என்ற கைக்கருவியில் ரெண்டையும் சேர்த்து, கோவிட் ஆர்என்ஏவை 20 நிமிஷத்துக்குள் கண்டுபிடிச்சுக் காட்டினாங்க. ஆனா அந்த ஆர்என்ஏவை சாம்பிளிலிருந்து முதல்லயே பிரிச்சு எடுத்துக் கொடுக்கணும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல அதை யார் செய்வாங்க? ப்ராஜெக்ட் தேடும் ஜூனியர்ஸ், சென்சாரை விட அந்தப் படியைப் பாருங்க.