கரை சேர்ந்த பிறகும் வேலை உண்டு

சிங்கப்பூரில் வாங்கிய உல்லாசப் படகை லங்காவிக்குக் கொண்டுவர உரிமையாளருக்கு நேரமில்லையா? அதற்கென்றே தொழில்முறை மாலுமிகள் இருக்கிறார்கள். மலாக்கா நீரிணையின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சரக்குக் கப்பல்கள், விளக்கில்லாத மீன்வலைகள், மிதக்கும் மரக்கட்டைகள், இரவில் திடீரென வீசும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று. இத்தனைக்கும் நடுவே, முறைவைத்துக் கண்விழித்து ஓட்டி வருகிறார்கள்.

படகு வந்ததும் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது. மாலுமி கிளம்புமுன் அவரோடு படகைச் சுற்றிப் பாருங்கள். பயணக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்குங்கள். வழியில் எது தளர்ந்தது, எங்கே ஒழுகியது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்றே மேல்தளம், கம்பிவடம், பாய் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். பாயை நன்றாக உலர்த்திய பிறகே மடியுங்கள். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். அலையில் குலுங்கிய டீசல் தொட்டியின் கசடு ஃபில்டரில் சேர்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

நம் கடல்நீர் வெதுவெதுப்பானது. படகு சில வாரம் சும்மா நின்றாலே அடிப்பாகத்தில் பாசி படரும். பேட்டரி தீர்ந்து, உள்ளே கசியும் நீரை வெளியேற்றும் பம்பு நின்றுபோனால், புயலைத் தாண்டி வந்த படகு கட்டிய இடத்திலேயே மூழ்கலாம். வாரம் ஒருமுறையாவது யாரேனும் ஏறிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.