பெருங்காய டப்பா சொன்ன பாடம்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்குக் கேழ்வரகுக் களியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம் தாத்தாக்கள் களியைத் தின்றுதான் பாதாளத்தில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காக விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு ஓடும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்றாயிற்று. களி கிண்ட நேரம் ஏது? ரொட்டியும் பிஸ்கட்டும் சப்பாத்தியும் வீட்டுக்குள் நுழைந்தன. அந்தக் கோதுமையே என் மகளுக்குப் பகையாகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவளுக்கு ஐந்து வயதில் தொடங்கியது தொல்லை. வயிறு மட்டும் உப்பியிருக்கும். கை, கால் குச்சி போல. அடிக்கடி வயிற்றுப்போக்கு. ரத்தசோகைக்கு டானிக் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தும் பயனில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், திருஷ்டி கழித்தோம். "சோத்துல என்ன சத்து இருக்கு? சப்பாத்தி குடும்மா, தெம்பு வரும்" என்றார் என் மாமியார். நானும் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து பெங்களூரில் ஒரு டாக்டர்தான் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டாஸ்கோபி. முடிவு: சீலியாக் நோய்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். சப்பாத்தி மாவு பிசையும்போது இழுபடுகிறதே, அந்தப் பசைத்தன்மை இதனால்தான். சீலியாக் உள்ளவர்களுக்கு இது உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் போன்ற பகுதி தேய்ந்துவிடுகிறது. அப்புறம் எத்தனை டானிக் குடித்தும் என்ன பயன்?

இதைக் கண்டறிந்த கதை உருக்கமானது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி இல்லாத அந்த மாதங்களில் இந்நோய்க் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று முன்பே சந்தேகித்து வந்த டிக்கே என்ற குழந்தை மருத்துவர், தம் ஆய்வை 1950-இல் வெளியிட்டார்.

நம் பக்கம் இந்நோய் குறைவு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இதற்கான அடையாளம் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், வேலூர்ப் பகுதியில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் ரத்தத்தில் காணப்பட்டது. அங்கே ஒருவர் தினமும் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். இங்கே 25 கிராம்தான். குறைவாக இருப்பதாலேயே இங்கே எளிதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதற்கு மருந்து கிடையாது. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான். பத்தியம் என்றதும் பயந்தேன். என் மாமியாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு களித் துடுப்பை எடுத்தார். கேழ்வரகு, அரிசி, கம்பு, சோளம், தினை, சாமை, உளுந்து, கடலை எதிலும் குளூட்டன் இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, அக்கி ரொட்டி எல்லாம் உண்டு. விலக்க வேண்டியவை கோதுமை, மைதா, ரவை, சேமியா.

ஆறு மாதம் ஒழுங்காக இருந்தும் பிள்ளை முழுதாகத் தேறவில்லை. ரத்த அளவும் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. டாக்டர் சமையலறைப் பொருள்களை ஒவ்வொன்றாக எழுதி வரச் சொன்னார். அன்றிரவு பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: அதில் கோதுமை மாவு! கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவையோ கோதுமை மாவையோ சேர்ப்பது வழக்கமாம். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் நானே போட்டிருக்கிறேன். தவறு என்னுடையதுதான், டப்பாவில் அச்சிட்டுத்தான் இருந்தது.

இன்னொரு வழி, மாவு மில். முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துப் போன இயந்திரத்தில் நம் கேழ்வரகைக் கொட்டினால் அந்த மாவும் கலந்துவிடும். கோதுமை அரைக்காத மில்லில் அரைக்க வேண்டும். இல்லையேல் வீட்டிலேயே அரைக்க வேண்டும். நாங்கள் வீட்டுக்கு ஒரு சிறு இயந்திரம் வாங்கினோம்.

கடைப் பொருள்களில், அளந்து பார்த்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் இருந்தால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று நம் நாட்டில் அச்சிடலாம். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மாத்திரைகளைப் பற்றி மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சோப்பு, பவுடரைப் பற்றிப் பயம் வேண்டாம். வாய்க்குள் போனால்தான் ஆபத்து.

வெளியே சாப்பிடுவதுதான் சோதனை. ஓட்டலில் நான் கேட்கும் கேள்விகள் மூன்று: சாம்பாரில் பெருங்காயம் உண்டா? ரவா தோசை சுட்ட கல்லிலேயே சாதா தோசையும் சுடுகிறீர்களா? பூரி பொரித்த எண்ணெயில்தான் வடையா? முகம் சுளிப்பவர்களும் உண்டு. கல்லைக் கழுவித் தனியாகச் சுட்டுத் தரும் புண்ணியவான்களும் உண்டு. தெருவோர கோபி மஞ்சூரி பக்கமே போவதில்லை. மைதாவும் சோயா சாஸும் அதில் சேர்ந்தே இருக்கும்.

குடிக்கும் பொருளிலும் கவனம் தேவை. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் கோதுமை, பார்லியிலிருந்து வருபவை. சூட்டுக்குக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. ஆல்கஹால் இல்லாத பீர் என்று கல்யாணங்களில் இளைஞர்கள் கையில் பார்க்கிறோமே, அதில் போதை போயிருக்கலாம், பார்லி போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ரசத்திலும் சிலர் கோதுமை சேர்ப்பதுண்டு, கேட்டுக் குடியுங்கள். இளநீர், பெருங்காயம் போடாத நீர்மோர், பானகம், நன்னாரி சர்பத், எலுமிச்சை சாறு ஆகியவற்றுக்குத் தடையில்லை. ராகி மால்ட் என்ற பெயரில் விற்கும் மாவின் பாக்கெட்டை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. வகுப்பில் கடைசி வரிசைக்கு மாறிவிட்டாள், உயரம் காரணமாக! ஆனால் பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டும்போது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் மனம் பொறுப்பதில்லை. "ஒரு வாய் தின்னா என்ன ஆயிடும்?" என்று பாசத்தோடு ஊட்ட வரும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள்: அந்த ஒரு வாயும் அவளுக்குக் கேடுதான். தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் வளராத குழந்தையோ, தீராத ரத்தசோகையோ, விடாத வயிற்றுப்போக்கோ இருந்தால் இந்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். ஒருவருக்கு இருந்தால் பெற்றோரும் உடன்பிறந்தவரும் பார்த்துக்கொள்வது நல்லது. நாங்களும் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் ஒரே சமையல்தான். களி திரும்ப வந்துவிட்டது.