லைசோசோம் என்னும் காயலான் கடை

‘லைசோசோம் உடைந்தால் செல்லே செத்துவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. அவ்வளவு ஆபத்தான ஒன்றை செல் எதற்காகத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது?’ என்று ஒரு பள்ளி மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண் கிடைத்துவிடுகிற இடத்தில் இப்படிக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம்.

அந்தப் படத்தில் வருகிற பெயர்கள் நாம் எல்லோரும் எப்போதோ நெட்டுருப் போட்டவைதான். உட்கருவிலுள்ள டிஎன்ஏ சொல்கிறபடி ரைபோசோம் புரதம் செய்கிறது. எண்டோபிளாச வலையும் கோல்கியும் அதைச் செப்பனிட்டு உரிய இடத்துக்கு அனுப்புகின்றன. மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தருகிறது. ஓரத்தில் சின்ன வட்டமாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அந்த லைசோசோம்தான் எனக்குப் பிடித்தது. அது அகப்பட்ட விதமே வேடிக்கை.

1949இல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் எலியின் ஈரலை அரைத்துவைத்துக்கொண்டு, இன்சுலின் தொடர்பாக வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார். கூடவே அமில பாஸ்படேஸ் என்ற நொதியையும் அளந்தார். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. அதே அரைத்த ஈரலை ஃப்ரிட்ஜில் வைத்து ஐந்து நாள் கழித்து அளந்தால், நொதியின் வீரியம் பல மடங்கு ஏறியிருந்தது. ஃப்ரிட்ஜில் கிடந்த சரக்கு கெடும், வீரியம் ஏறுமா? முதலில் அளந்ததில் ஏதோ கோளாறு என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். டி டூவ் விடவில்லை. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது, நாள்படப் பை கிழிந்து வெளியே வருகிறது என்று கண்டுகொண்டார். 1955இல் லைசோசோம் என்று பெயரும் வைத்தார். யாரும் கண்ணால் பார்த்து அடையாளம் காணுமுன்பே கணக்கில் பிடிபட்ட செல் உறுப்பு இது. 1974இல் நோபல் பரிசு வந்தது.

பைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் இருக்கின்றன. புரதம், கொழுப்பு, மாவுப்பொருள் என்று எது வந்தாலும் பிரித்துவிடும். ஆனால் இவை அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பையின் சவ்விலுள்ள பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே பிஎச் அளவு 4.5இலிருந்து 5 வரை நிற்கிறது. வெளியே சைட்டோபிளாசத்தில் சுமார் 7.2. ஒன்றிரண்டு பைகள் ஓட்டையானாலும் ஒழுகிய நொதி அங்கே சோர்ந்துவிடும். கூட்டமாக உடைந்தால்தான் செல்லுக்குக் கேடு. ‘தற்கொலைப் பை’ என்ற பட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு இந்தக் காவலைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் பயப்படத்தானே செய்வார்கள்?

எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் பழைய சைக்கிளைப் போட்டால், சாயங்காலத்துக்குள் இரும்பு வேறு, அலுமினியம் வேறு, ரப்பர் வேறு என்று கிடக்கும். லைசோசோமில் நடப்பதும் அதுதான். நைந்துபோன மைட்டோகாண்ட்ரியாவை முழுசாகச் சவ்வால் சுற்றிக் கொண்டுவந்து செல் இதில் சேர்க்கிறது. பிரிந்து வரும் அமினோ அமிலங்கள் புதுப் புரதம் செய்யப் போகின்றன. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் அறுந்து விழுவதில்லை. அதைக் கரைப்பதிலும் இந்த நொதிகளுக்குப் பங்கு உண்டு.

இப்படித் தன் பாகங்களையே தின்று செரிப்பதற்கு ஆட்டோபேஜி என்று பெயர். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி 1990களின் தொடக்கத்தில் ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு, இதை நடத்தும் மரபணுக்களைக் கண்டறிந்தார். 2016இல் நோபல் வாங்கினார். அதோடு நம் கைப்பேசிகளில் ஒரு வியாபாரமும் கிளம்பியது. பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோபேஜி புற்றுநோய் முதல் முதுமை வரை துடைத்துவிடுமாம். பரிசு கிடைத்தது ஈஸ்டில் செய்த ஆராய்ச்சிக்கு, விரதத்துக்கு அல்ல. வளர்ந்துவிட்ட சில புற்றுக்கட்டிகள் இதே ஆட்டோபேஜியை வைத்துத்தான் பஞ்சத்தைத் தாண்டி உயிர் பிழைக்கின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால், சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரலாம்.

இந்த ஆரவாரத்தில் நூற்றில் ஒரு பங்காவது உண்மையான லைசோசோம் நோய்களுக்குக் கிடைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். ஐம்பது நொதிகளில் ஒன்று குறைந்தாலும் பிரிக்கப்படாத சரக்கு தேங்கும். கோஷே நோயில் ஒருவகைக் கொழுப்பு தேங்கி மண்ணீரலும் ஈரலும் வீங்கும், ரத்தம் குறையும், எலும்பு பலமிழக்கும். குறைந்த நொதியை ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் சிகிச்சை 1991 முதல் இருக்கிறது. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ஏற்றவேண்டும். அரிய நோய்களுக்கான உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தியது. இந்த மருந்தின் விலைக்கு, வளரும் குழந்தைக்கு அது வெகுநாள் தாங்காது.

தங்களுக்கு நோயில்லாவிட்டாலும், பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால்தான் குழந்தைக்குக் கோஷே நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் நம் குடும்பங்களில் அப்படி இருவர் சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மரபியல் ஆலோசகரை முன்கூட்டியே பார்த்துவிட்டால், கரு மூன்று மாதம் ஆகும்போதே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.