அதீபின் நீதிமன்றம்: கமலேஷ்வரின் எழுத்தும் இதழ்ப்பணியும்

'அதப்' என்னும் அரபுச் சொல் இலக்கியத்தையும் குறிக்கும், நல்லொழுக்கத்தையும் குறிக்கும். அதன் வேரிலிருந்து பிறந்த 'அதீப்' என்பதற்கு எழுத்தாளர் என்பது பொருள். அரபு, பாரசீகம், உருது ஆகிய மொழிகளில் புழங்கும் இச்சொல்லை இந்தி நாவலாசிரியர் ஒருவர் தம் முதுமைக்காலப் பெரும்படைப்பின் தலைமைப் பாத்திரத்திற்குப் பெயராகச் சூட்டினார். அந்த நாவல் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கித்னே பாகிஸ்தான்'. 'எத்தனை பாகிஸ்தான்கள்' என்பது தலைப்பின் பொருள். அதை எழுதியவர் கமலேஷ்வர். அந்நாவலில் எழுத்தாளரே நீதிபதியாக அமர்கிறார். வரலாறு அவர் முன் கூண்டேறுகிறது. இத்தகைய கற்பனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அவர் வாழ்வையும் இதழ்ப்பணியையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

கமலேஷ்வர் பிரசாத் சக்சேனா 1932 ஜனவரி 6 அன்று உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரியில் பிறந்தார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பயின்று 1954-இல் இந்தி இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இந்திச் சிறுகதை புதுவழி தேடிக்கொண்டிருந்தது. விடுதலைக்குப் பிந்தைய நடுத்தர வகுப்பினரின் மனமுறிவுகளையும் குடும்பத்தின் உள்விரிசல்களையும் எழுத முனைந்த அப்போக்கு 'நயீ கஹானி', அதாவது 'புதிய கதை', எனப் பெயர் பெற்றது. மோகன் ராகேஷ், ராஜேந்திர யாதவ், கமலேஷ்வர் ஆகிய மூவரும் அதன் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். கமலேஷ்வருக்குப் புகழ் தேடித் தந்த தொடக்கக் கதை 'ராஜா நிர்பன்சியா'. தாயிடம் கேட்ட பழைய அரசர் கதையையும் தம் காலத்து ஏழைத் தம்பதியரின் கதையையும் அதில் அவர் இணையாக நடத்திச் சென்றார். பழங்கதைக்குள் நிகழ்காலத்தை வைத்துப் பார்க்கும் இம்முறை, பின்னாளில் 'கித்னே பாகிஸ்தான்' நாவலில் பேருருக் கொண்டது.

1960-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'லௌட்டே ஹுயே முசாஃபிர்' என்னும் சிறு நாவல் நம் தனிக் கவனத்திற்குரியது. 'திரும்பி வந்த பயணிகள்' என்பது அதன் பொருள். பிரிவினையைப் பேசும் படைப்புகள் பெரும்பாலும் எல்லையில் நடந்த படுகொலைகளையே காட்டும். இந்நாவலோ எல்லைக்கு வெகு தொலைவிலுள்ள சிற்றூரின் எளிய முஸ்லிம் குடியிருப்பைக் காட்டுகிறது. அங்கே ஒரு துளி இரத்தமும் சிந்துமுன்பே இரு தரப்பு அரசியலும் அண்டை வீட்டாரிடையே ஐயத்தை விதைத்துவிடுகிறது. மக்கள் ஊரைவிட்டுப் புறப்படுகின்றனர். வசதியுள்ளோர் போய்ச் சேர்கின்றனர். கையில் காசில்லாத ஏழைகளோ புதிய நாட்டை எட்டாமல் இடைவழியிலேயே சிதறுகின்றனர். ஆண்டுகள் பல கழிந்தபின் அவர்களுடைய பிள்ளைகள் கூலித்தொழிலாளராகத் தம் மூதூருக்கே திரும்பி வருகின்றனர். ஊரை விட்டகலாத நசீபன் என்னும் பெண்ணே அவர்களை அடையாளம் கண்டு வரவேற்கிறாள். எவருடைய முழக்கத்தின் பேரில் ஏழைகள் புறப்பட்டார்களோ, அவர்கள் அந்த ஏழைகளுக்கு வழித்துணையாக வரவில்லை என்பதே நாவல் உணர்த்தும் உண்மை.

நாவலாசிரியர் கமலேஷ்வருக்கு இணையானவர் இதழாசிரியர் கமலேஷ்வர். 1960-களின் நடுப்பகுதியில் 'நயீ கஹானியான்' இதழை நடத்திய அவர், 1967 முதல் 1978 வரை பம்பாயிலிருந்து வெளிவந்த 'சாரிகா' என்னும் கதை இதழின் ஆசிரியராக இருந்தார். பல்லாயிரம் வாசகர்களைக் கொண்ட அவ்விதழைப் புகழ்பெற்றோரின் படைப்புகளாலேயே அவர் நிரப்பியிருக்கலாம். ஆனால் அவர் அவ்வாறு செய்யவில்லை. அறியப்படாத இளைஞர்களுக்கும் மராத்தித் தலித் எழுத்தாளர்களுக்கும் போஹ்ரா முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் இந்தி வாசகர் முன் இடமளித்தார். எளிய மனிதரின் போராட்டத்திற்குப் பக்கத்தில் நடப்பதே கதையின் கடமை என வலியுறுத்தி 'சமாந்தர் கஹானி', அதாவது 'இணைக் கதை', என்னும் இயக்கத்தையும் முன்னெடுத்தார். ஆசிரியரின் மேசைக்கு நாள்தோறும் வந்து சேரும் கையெழுத்துப்படிகள் ஒருவகையில் முறையீட்டு மனுக்களே. அவற்றுள் எதைக் கேட்பது, எவருக்குப் பேச இடமளிப்பது என்று முடிவு செய்வோர் அறியாமலேயே நீதிபதியின் பொறுப்பை ஏற்கின்றனர். அதீபின் நீதிமன்றம் இந்த மேசையிலிருந்து எழுந்தது என்றே நாம் கருதுகிறோம்.

திரைத்துறையும் அவரை அறிந்திருந்தது. அவருடைய கதையைத் தழுவி குல்சார் இயக்கிய 'ஆந்தி' திரைப்படம் 1975-இல் நெருக்கடி நிலையின்போது தடைக்கு உள்ளாயிற்று. கமலேஷ்வர் 1980 முதல் 1982 வரை தூர்தர்ஷனின் கூடுதல் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். பின்னர் தொலைக்காட்சித் தொடர்களை எழுதினார். நாளிதழ்களின் ஆசிரியப் பொறுப்பையும் வகித்தார். இவ்வளவுக்குப் பின்னரே 'கித்னே பாகிஸ்தான்' வெளிவந்தது.

அந்நாவலில் அதீப் கூட்டும் நீதிமன்றத்தின் கதவைக் காலங்காலமாகக் கொல்லப்பட்டோர் தட்டுகின்றனர். மஹ்மூத் என்னும் ஊழியர் ஒவ்வொருவராக அழைத்து வருகிறார். பாபர் வருகிறார், ஔரங்கசீப் வருகிறார், மௌண்ட்பேட்டன் வருகிறார். மெசொப்பொத்தேமியாவின் கில்கமேஷும் வருகிறான். அயோத்தியில் கோயிலை இடித்ததாகத் தம்மீது சாட்டப்பட்ட குற்றத்தை பாபர் மறுத்துரைக்கிறார். பாபர் மசூதி 1992 டிசம்பர் 6 அன்று தகர்க்கப்பட்டு எட்டாண்டுகள் கழிந்திருந்த வேளையில், இந்தியின் மூத்த எழுத்தாளர் ஒருவர் இக்காட்சியை எழுதத் துணிந்தார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். தெருவில் தீர்ப்பு நிறைவேற்றப்பட்ட பிறகும், குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைத்து அவர் தரப்பைக் கேட்டது அந்த நாவல். இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புரைக்கலாகாது என்பது காழிகளுக்கு இஸ்லாமிய நீதிமரபு விதித்த ஒழுங்கும் அன்றோ!

எனினும் நம் மதிப்பீடும் அதே நேர்மையுடன் அமைய வேண்டும். நாவலின் நீதிமன்றத்தில் சாட்சிகளைத் தெரிவு செய்பவர் ஆசிரியரே; ஆகவே அங்கு கூறப்படுவனவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த தாரா ஷிகோவின் பக்கம் ஆசிரியரின் உள்ளம் சாய்ந்திருப்பது வெளிப்படை. முகலாய அரியணைப் போரை நல்லவர், தீயவர் என இரு கூறாக்கிக் காண்பது வரலாற்று மாணவர்க்கு நிறைவளிக்காது. வெறுப்பால் எழும் பிரிவினைகள் அனைத்திற்கும் ஒரு நாட்டின் பெயரைக் குறியீடாக்கியதும் விவாதத்திற்குரியதே. இந்திய முஸ்லிம்மீது வசைச்சொல்லாக வீசப்படும் பெயர் அது. ஆசிரியரின் நோக்கம் அதுவன்று. வெறுப்பு எங்கெல்லாம் நிலத்தைப் பிளக்கிறதோ அங்கெல்லாம் அது இன்னொரு பிளவைப் பெற்றெடுக்கும் என்பதே அவர் கூற்று. ஆயினும் தலைப்பை மட்டும் படிப்போருக்கு அது விளங்காது.

2003-இல் இந்நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருதும், 2005-இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 2007 ஜனவரி 27 அன்று பரீதாபாத்தில் அவர் காலமானார். எழுத்தையும் ஒழுக்கத்தையும் 'அதப்' என்னும் ஒரே சொல்லால் குறித்த மரபு நம்முடையது. பிறர் தரப்பைக் கேட்கும் பொறுமையே எழுத்தின் ஒழுக்கம் என்று கமலேஷ்வரின் வாழ்வு காட்டுகிறது. நமக்கு உவப்பில்லாதோரின் முறையீட்டையும் அதே பொறுமையோடு நாம் கேட்கிறோமா என்னும் கேள்வியையும் அது நம்முன் வைக்கிறது.