திருகாணியும் குறியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில், வாடைக்காற்று வீசும் மார்கழியில் இறுகி நிற்கும் மரக்கதவு கச்சான் வீசும் ஆடியில் இலகுவாகத் திறந்துகொள்ளும். மரம் ஈரத்தை உண்டு பருப்பதும் வரண்டு சுருங்குவதுமே இதற்குக் காரணம். கதவிலே இது சிறு தொல்லை. மரக்கட்டையிற் பொருத்திய போட்டித் துப்பாக்கியிலோ குறியையே பிழைக்கச் செய்யவல்லது.

50 மீற்றர்ச் சுடுதற் போட்டியிற் பயன்படுவது 5.6 மில்லிமீற்றர் விளிம்படித் தோட்டா. அடிவிளிம்பில் ஊசி தாக்க, அதனுள்ளிருக்கும் மருந்து பற்றிக்கொள்வதால் இப்பெயர். இலக்கின் பத்தாம் வட்டம் 10.4 மில்லிமீற்றர் விட்டமுடையது. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், படுத்துச் சுடும் போட்டியில் இந்தியரான ஜோய்தீப் கர்மாகர் 699.1 புள்ளி பெற்று நான்காமவரானார். வெண்கலம் பெற்றவரின் புள்ளி 701.0. எழுபது குண்டுகளில் வேறுபாடு 1.9! இத்தகைய ஆட்டத்தில் அற்பமென்று தள்ளத்தக்கது யாதுமில்லை.

குண்டு வெளியேறுமுன் குழாய் அதிர்கின்றது. ஒவ்வொரு முறையும் அவ்வதிர்வு ஒரே வகையில் நிகழ்ந்தாற்றான் குண்டுகள் ஓரிடத்திற் சேரும். குழாயைத் தாங்கும் எஃகுப் பகுதியைக் கட்டையோடு பிணிப்பன இரண்டொரு திருகாணிகளே. அவை தளர்ந்தால் எஃகு நகரும். மிக இறுகினால் மரம் நசுங்கும். இருக்கை சமமாயில்லையெனின் எஃகே சிறிது வளையும். ஆதலின் முறுக்கத்தை அளக்கும் சாவி கொண்டு, ஏறத்தாழ 5 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்குவது பலரின் வழக்கம்.

ஆயினும் அவ்வெண்ணை மந்திரமாகக் கொள்வது தவறு. சாவி காட்டுவது கையின் முயற்சியை. திருகாணியின் இழுவையை அன்று. முயற்சியிற் பத்தில் ஒன்பது பங்களவு உராய்வுக்கே செலவாகிறது. உப்புக்காற்றிற் புரியில் துரு ஏறினால் உராய்வு மிகும், இழுவை குறையும். துருவுக்கஞ்சி எண்ணெய் இட்டாலோ, அதே 5 நியூட்டன் மீற்றர் முன்னினும் மிகுந்த இழுவையைத் தரும். துறைமுகத்து ஊரில் துப்பாக்கி வைத்திருப்போருக்கு இவ்விரண்டும் ஓயாத சங்கடம். எண்ணெய் இடுவதாயின் எப்போதும் ஒரே அளவில் இடுதலே தக்கது.

இருக்கையைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு திருகாணியை மெல்லத் தளர்த்தும்போது குழாய் கட்டையிலிருந்து எழும்புமாயின் இருக்கை கோணலானது; எவ்வளவு முறுக்கியும் அக்குறை தீராது. திருகாணித் துளையில் உலோகக் குழல் பதித்துப் பிசின் வார்த்துவிட்டால், எஃகு மரத்தின்மேலன்றி உலோகத்தின்மேல் அமரும். அதன்பின் முறுக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றிச் சுட்டுப் பார்க்கலாம். ஐந்து குண்டுகளைக் கண்டு முடிவு கட்டுவோர் பலர். அது பெரும்பாலும் தற்செயலே. ஒவ்வோர் அளவிலும் பல ஐந்துகள் வேண்டும், அதுவும் வாடையில் ஒருமுறை, கச்சானில் ஒருமுறை.