மணல் போகும் திசையும் வீட்டு மனையும்

கடலோர நகரில் வீடு தேடுவோர் பெரும்பாலும் கேட்பது, மனை கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே. புதுச்சேரியிலோ, அது துறைமுகத்துக்கு வடக்கிலா தெற்கிலா என்பது அதைவிட முதன்மையான கேள்வி.

சோழமண்டலக் கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது; தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் செல்லும் இம்மணலை ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால், வடக்கே போவதே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் மணல் தெற்கே தேங்க, வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்த நகரக் கடற்கரை கரைந்து, கொட்டப்பட்ட கருங்கற்களே கரையாயின. கல் கொட்டிய இடம் தப்பியது. அரிப்போ மேலும் வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் கரைகளுக்கு நகர்ந்தது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அமைக்கப்பட்ட செயற்கைத் திட்டினால் மணல் ஓரளவு மீண்டது உண்மையே எனினும், இன்றைய மணற்பரப்பின் அகலத்தை மட்டும் நம்பி விலை பேசுவது விவேகமன்று. பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டால் கரை போகும் போக்கு புலப்படும்.

கடலைவிட்டு விலகினால் அபாயம் நீங்கிவிடும் என்பதும் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியபோது, கடற்கரையை ஒட்டியிராத கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற தாழ்வான குடியிருப்புகள் வெள்ளத்தில் தவித்தன. கடல்மட்டத்திலிருந்து மனையின் உயரமும், மழைநீர் வடியும் வழியும் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

மண்ணுக்கு மேலே தெரியாத மற்றொன்று நிலத்தடி நீர். கடல்நீரைவிட அடர்த்தி குறைந்த நன்னீர், மணலுக்குள் ஊடுருவிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதிப்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். ஆகவே, ஆழ்துளைக் கிணறுகள் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் உப்புநீரின் எல்லை அதைப்போல் 40 மடங்கு மேலேறக்கூடும். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த நீர் மாதிரி இதைக் காட்டாது; கோடையில் எடுத்துக் குளோரைடு அளவைச் சோதிப்பதே பொருத்தம். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடை ஏற்கும் இந்தியத் தரநிலைகள், கம்பி கட்டிய கான்கிரீட் கலக்கும் நீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஏனெனில் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கட்டி முடித்த அடுக்ககத்தை வாங்குவோர் கடற்காற்றை மட்டும் அஞ்சுகின்றனர். கட்டுமானத்துக்கு எந்தக் கிணற்று நீர் பயன்பட்டது என்று கேட்போர் அரிது.