இன்ஜினைப் பிரிக்குமுன் நோயறிக: பழைய பிக்கப் வண்டியில் கம்ப்ரஷன் குறைவு

கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கும் சாமையும் புளியும் கடுக்காயும் சமவெளிச் சந்தைகளை அடையப் பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகளே துணை. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் மலைப்பாதையில் விளைபொருளை ஏற்றிச் செல்வதும், உரத்தையும் விதையையும் கொண்டு வருவதும், அவசர வேளையில் நோயாளியை மருத்துவமனையிற் சேர்ப்பதும் இவ்வண்டிகளே. இவற்றுட் பல வயது முதிர்ந்தவை. ஒரு நாட்காலை வண்டி கிளம்ப மறுத்தாலும், ஏற்றத்தில் இழுவை குன்றினாலும், “கம்ப்ரஷன் போய்விட்டது, இன்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டும்” என்னும் தீர்ப்பு உடனே பிறந்துவிடுகிறது. உரிமையாளரான விவசாயியின் ஒரு போக வருவாய் அதில் கரைந்துவிடக்கூடும். ஆனால் கம்ப்ரஷன் குறைவு என்பது ஒரே நோயன்று. அது எவ்வழியே கசிகிறதென்று முதலிற் கண்டறிந்தால், செலவு பல வேளைகளில் மிகவும் சுருங்கும்.

கம்ப்ரஷன் என்பது யாது?

பழைய ஆயில் இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பியவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். வால்வைத் திறந்து வைக்கும் சிறு நெம்புகோலைத் தூக்கியிருக்கும்வரை சக்கரம் இலேசாகச் சுழலும். அதனைக் கீழே விட்டதும் உள்ளே சிக்கிய காற்று சக்கரத்தை எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பே கம்ப்ரஷன்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்று தன் பருமனில் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்கு முதல் 22-இல் ஒரு பங்கு வரை நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தால் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அக்கணத்தில் நாசில் பீச்சும் டீசல் தானே பற்றிக்கொள்ளுகிறது. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இயக்கிக் காட்டிய இன்ஜினின் அடிப்படையும் இதுவே. காற்று கசிந்தால் வெப்பம் போதாது. வெப்பம் போதாவிடில் டீசல் எரியாது.

இக்காற்றை நான்கு காப்புகள் அடைத்து நிற்கின்றன: பிஸ்டன் ரிங், சிலிண்டரின் சுவர், வால்வுகள், ஹெட் காஸ்கெட். இவற்றுள் எது தளர்ந்தது என்பதே கேள்வி.

கண்ணுக்கும் காதுக்கும் புலனாகும் அடையாளங்கள்

குளிர்ந்த காலையில் நெடுநேரம் செல்ப் அடித்த பின்னரே வண்டி கிளம்புவதும், அப்போது எரியாத டீசல் நெடியுடன் வெண்புகை வருவதும் முதல் அடையாளம். நீலம் பாய்ந்த புகை, இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது என்பதைக் காட்டும். கரும்புகையோ பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறையின் விளைவு. அதைக்கண்டு ஏர் பில்டரைப் பார்க்க வேண்டுமேயன்றி இன்ஜினைப் பிரிக்கலாகாது.

செல்ப் அடிக்கும் ஓசையைச் செவிமடுக்க வேண்டும். நான்கு சிலிண்டரும் நலமாயின் ஓசை சீரான தாளத்தில் ஒலிக்கும். நான்கில் ஒரு முறை சக்கரம் இலேசாக ஓடினால் ஒரு சிலிண்டரில் மட்டும் பழுதிருக்கிறதெனக் கொள்ளலாம். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் புகை குபுகுபுவென்று வெளிப்படுமாயின், ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைவதும், டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர்போல் வெளுத்திருப்பதும் காஸ்கெட்டைச் சுட்டும். சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது.

கம்ப்ரஷன் போல் தோன்றும் வேறு குறைகள்

பாட்டரி தளர்ந்து செல்ப் மெதுவாகச் சுற்றினால், நல்ல இன்ஜினும் கிளம்பாது. ஹீட்டர் பிளக் எரியாமை, டீசல் குழாயில் காற்றுப் புகுதல், டீசல் பில்டரில் நீர் தங்குதல் ஆகியவையும் அதே அடையாளங்களைத் தரும். இவற்றைச் சரிபார்க்கச் செலவு சொற்பம். ஆகவே இவையே முதலில். பின்னர் டாப்பட் இடைவெளியைப் பீலர் கேஜினால் அளக்க வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் வால்வு முழுதும் மூடாது, கம்ப்ரஷன் கசியும், நாளடைவில் வால்வும் கருகும். இடைவெளியை உரிய காலத்தில் திருத்துவது சிறிது நேர வேலையே.

கேஜ் வைத்து அளக்கும் முறை

மேற்கூறியவை சரியாயிருந்தும் குறை நீங்காவிடில், கம்ப்ரஷன் கேஜ் கொண்டு அளப்பதே நேரிய வழி. பெட்ரோல் வண்டிக்குரிய கேஜ் டீசலுக்கு உதவாது. டீசல் இன்ஜினின் அழுத்தம் அதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. பாட்டரி முழுதும் ஏறியிருக்க வேண்டும். இன்ஜின் ஓடிச் சூடேறியிருக்க வேண்டும். டீசல் வரத்தை நிறுத்திவிட வேண்டும். ஹீட்டர் பிளக்குகளையோ நாசில்களையோ கழற்றி, அத்துளையிற் கேஜைப் பொருத்தி, முள் மேலும் ஏறாது நிற்கும்வரை செல்ப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நல்ல டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 25 முதல் 35 கிலோ வரை காட்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். தனி அளவைக் காட்டிலும், சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே மிகுதியும் பேசும். எடுத்துக்காட்டாக, மூன்று சிலிண்டர் 28 கிலோ காட்ட, ஒன்று மட்டும் 17 காட்டினால், பழுது அவ்வொன்றிலேயே. அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்திருந்தால் அவற்றிடையே காஸ்கெட் பிளந்திருக்கக்கூடும். நான்கும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தனவென ஐயுறலாம்.

மலைவாழ் மக்கள் இங்கு ஒன்றை மறத்தலாகாது. சின்னக் கல்வராயன் பகுதி சராசரி 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் பகுதி 4,000 அடி உயரமும் உடையவை. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். 2,700 அடியில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கும், 4,000 அடியில் ஏழில் ஒரு பங்கும் குறைவு. கேஜின் அளவும் அதே விகிதத்திற் குறையும். கள்ளக்குறிச்சியில் 30 கிலோ காட்டும் இன்ஜின் மலைமேல் 26 அல்லது 27 காட்டுவது இயல்பேயன்றி நோயன்று.

கசிவு எவ்வழி?

தாழ்ந்த சிலிண்டரின் பிஸ்டனை, இரு வால்வுகளும் மூடிய நிலையில் உச்சிக்குக் கொணர்ந்து, கம்ப்ரசர் காற்றை உட்செலுத்திக் கேட்க வேண்டும். சைலன்சரில் சீற்றம் கேட்டால் புகை வெளியேற்றும் வால்வு. ஏர் பில்டர் வழியிற் கேட்டால் காற்று உள்வாங்கும் வால்வு. ஆயில் மூடித் துளையிற் கேட்டால் ரிங் அல்லது சிலிண்டர். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் காஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். காற்று புகுந்ததும் இன்ஜின் திடீரெனச் சுழலக்கூடும். பெல்ட், விசிறி அருகே கை வைத்தல் ஆகாது.

சிலிண்டரில் ஆயில் விட்டு அளக்கும் பழைய முறை பெட்ரோல் இன்ஜினுக்குரியது. டீசலில் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகச் சிறிது. ஆயிலோ நெருங்கிக் கொடுக்காது. சிறிது மிகுந்தாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஓடும் இன்ஜினில் நாசில் குழாயைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கமும் அபாயமானது. புதிய காமன் ரெயில் வண்டிகளில் அவ்வாறு செய்யவே கூடாது; ஆங்குள்ள டீசல் அழுத்தம் தோலைத் துளைத்து உடலினுட் புகவல்லது.

பரிகாரம்

வால்வுக் கசிவாயின் ஹெட்டை மட்டும் இறக்கி வால்வைத் தேய்த்துப் பொருத்தினாற் போதும். பிஸ்டனைத் தொட வேண்டுவதில்லை. காஸ்கெட்டாயின், ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்த பின்னரே புதியதைப் பொருத்த வேண்டும். இல்லாவிடில் அதுவும் விரைவில் போகும். ரிங் தேய்வாயின், சிலிண்டரின் தேய்மானத்தை அளந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். தேய்ந்த சிலிண்டரில் புதிய ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. சிலிண்டரின் தேய்வுக்குப் பெருங்காரணம் புழுதி. மண்பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் பில்டரைக் காலந்தவறாது கவனிப்பதும், ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதுமே சிறந்த காப்பு.

ஊராட்சி செய்யக்கூடியது

வண்டி வைத்திருப்போர் சிலர் கூடி ஒரு டீசல் கம்ப்ரஷன் கேஜைப் பொதுவில் வாங்கி வைத்தல் கடினமன்று. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டுப் பயிற்சியே. மலைக் கிராமத்து இளைஞர் சிலரை அதிற் சேருமாறு ஊராட்சி உறுப்பினர்கள் ஊக்கினால், நோயறியும் கை ஊரிலேயே உண்டாகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு வழக்கம் வேரூன்ற வேண்டும். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்குமுன், “நான்கு சிலிண்டரின் அளவையும் எழுதிக் கொடுங்கள், காற்று எவ்வழி கசிகிறது என்று காட்டுங்கள்” என்று உரிமையாளர் கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் அதனை மகிழ்ந்து செய்வார். அச்சிறு தாளை வண்டிப் பத்திரங்களுடன் பாதுகாத்து வைத்தால், அடுத்த முறை ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுவே சான்றாகும்.